ஹில்மாவின் காப்பிக் கோப்பைகள்

லீசெகில் ஊரின் துறைமுகத்துக்குப் பின்னால், மேட்டின் மேல் தனியாக நின்றது அந்த மரவீடு. டிசம்பர் மாதம், மதியம் மூன்றரைக்கே இருட்டிவிட்டது. பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிவிட்டு குன்வோர் உள்ளே போனாள். இறந்துபோன ஹில்மாவின் சாமான்களை விற்கப்போவதாக அவளுடைய அண்ணன் மகன் விளம்பரம் கொடுத்திருந்தான்.

சமையலறை அலமாரியைத் திறந்ததும் குன்வோர் கையுறையைக் கழற்றினாள். நீல இலை வரைந்த ஆறு காப்பிக் கோப்பைகள், தட்டுகளோடு! ஐம்பதுகளில் இரண்டே வருஷம் செய்துவிட்டு நிறுத்திய வகை. முப்பது வருஷமாகப் பீங்கான் சேர்க்கிற அவள்கூட ஆறையும் ஒன்றாகப் பார்த்ததில்லை. ஒன்றைக் கவிழ்த்து, அடியில் வரைந்தவரின் கையெழுத்தைத் தேடினாள். விளிம்பில் விரலை ஓட்டினாள். ஒரு சிதைவும் இல்லை.

கோப்பை வெதுவெதுப்பாக இருந்தது.

"அத்தை கல்யாணமே பண்ணிக்கலை," என்றான் அந்த அண்ணன் மகன். "ஆனா தினமும் ரெண்டு கோப்பை எடுத்து வைப்பாங்க. யாருக்குன்னு கேட்டா, 'அவர் வந்துடுவார்'னு சொல்வாங்க. சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க. இந்த வீட்ல எனக்கு இருப்பே கொள்ளலை."

ஆறையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவள் கணவன் ஃபோல்கே சிரித்தான். ஓய்வுபெற்ற படகோட்டி. "இன்னும் கோப்பையா? குடிக்கிற வாய் ரெண்டுதானே, குன்வோர்!"

மறுநாள் மதியம் மேஜையில் இரண்டு கோப்பை வைத்துவிட்டு, ஏலக்காய் ரொட்டி எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது மூன்று இருந்தன. மூன்றாவதில் காப்பி பாதி குடித்திருந்தது. விளிம்பில் உதட்டுத் தடம்.

சமையலறை முழுக்க ஈரக் கம்பளியின் வாடை.

"நீதானே வச்சே?" என்றாள்.

"நானா? நான் எழுந்திருக்கவே இல்லையே."

ஒரு வாரத்தில் அவன் மாறிப்போனான். மதியமானால் சட்டை மாற்றினான், தலை வாரினான். ஒரு நாள் அவள் தன் நாற்காலியில் உட்காரப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டான்.

"அங்க உட்காராதே. அவ வருவா."

"எவ?"

புது மாப்பிள்ளை மாதிரி அவன் முகம் சிவந்தது.

அன்றே ஆறு கோப்பைகளையும் செய்தித்தாளில் சுற்றிக் காரில் போட்டுக்கொண்டு மேட்டு வீட்டுக்குப் போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

தன் வீட்டுப் பூட்டில் சாவி திரும்பவில்லை. மணியடித்தாள். கதவு நான்கு விரற்கடை திறந்தது.

"யாரு வேணும் உங்களுக்கு?"

"ஃபோல்கே, விளையாடாதே. குளிருது."

"மன்னிக்கணும். உங்களை எனக்குத் தெரியலையே."

அவன் கண்ணில் விளையாட்டு இல்லை. சேர்ந்து வாழ்ந்த நாற்பத்தொரு வருஷத்தின் சுவடே இல்லை.

அவனுக்குப் பின்னால், கோப்பையில் யாரோ கரண்டியால் கலக்கும் சத்தம்.

கதவு சாத்திக்கொண்டது.

அவள் போன் செய்ததும் கோதென்பர்கிலிருந்து மகன் தொர்கெல் இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டான். காருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவளைக் கட்டிக்கொண்டான்.

"அப்பாவுக்கு மூளையில ஏதோ ஆயிருக்கும்மா. நீ இங்கேயே இரு. நான் பேசிட்டு வரேன்."

"போகாதேடா."

"அஞ்சு நிமிஷம்மா."

கதவு அவனுக்கு அகலத் திறந்தது. அவள் காத்திருந்தாள். கண்ணாடியில் பனி விழுந்து மூடியது, துடைத்தாள், மறுபடி மூடியது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் ஒரு குரல் பெண்குரல்.

ஒரு மணி நேரம் கழித்து தொர்கெல் வெளியே வந்தான். வீட்டுச் செருப்போடு பனியில் நடந்து வந்து, கார்க் கண்ணாடியைத் தட்டிக் குனிந்தான். வழி தவறி வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி இரக்கத்தோடு பார்த்தான்.

"ஏங்க இந்தக் குளிர்ல உட்கார்ந்திருக்கீங்க? உள்ள வாங்க," என்றான். "அம்மா உங்களுக்கும் ஒரு கோப்பை வச்சிருக்காங்க."