ஏழு வரியில் சுகிர்தா

பூஜை போட்டு நிறுத்திவைத்த கம்ப்யூட்டர் சூடாக இருந்தது.

புவனேஸ்வரி பெட்டியின் மேல் வைத்த கையை எடுத்து, முந்தானையில் துடைத்துவிட்டு, மறுபடியும் வைத்துப் பார்த்தாள். சூடுதான். நேற்று சாயங்காலம் ஆயுத பூஜை முடிந்து, மெயின் ஸ்விட்சை இறக்கி, ஆபீசைப் பூட்டிக்கொண்டுதான் எல்லோரும் கிளம்பினார்கள். இன்று விஜயதசமி, ஃபேக்டரி லீவு. மத்தியானம் இரண்டரை மணிக்கு வந்து மெயினைத் தூக்கிவிட்டவளே அவள்தான், அதுவும் இரண்டு நிமிஷத்துக்கு முன்னால். மூடிக் கிடந்த அறையில் சாம்பிராணியும் அவிந்த கற்பூரமும் வாழைப்பழத் தோலும் சேர்ந்து ஒரு புழுங்கிய வாசனை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உலைக்கூடம் முழுக்கச் சத்தமில்லாமல் கிடந்தது, ஒன்பது வருஷத்தில் அவள் ஒருநாளும் கேட்டிராத சத்தமில்லாமை அது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் அந்த வார்ப்பட ஃபேக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. பூஜையன்று கிரைண்டர், எடை மேடை, கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, எது யாருடைய மெஷினோ அவர் பேரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அந்தச் சந்தனத்தின் மேலேயே ஒட்டிவிடுவார்கள். லீவு முடிந்து அந்தப் பேர்க்காரர் கைதான் அதன்மேல் முதலில் படவேண்டும். அதுவரை மெஷின் தூங்குகிறது, வேறு ஆள் எழுப்பக்கூடாது. கையெழுத்து அழகாக இருக்கும் என்று வருஷா வருஷம் பேர் எழுதுகிற வேலை புவனேஸ்வரிக்குத்தான். நேற்று இந்த மெஷினுக்கும் அவளே எழுதினாள், வயிறு எரிய எரிய: சுகிர்தா.

எரியாமல் என்ன செய்யும்? டிஸ்பாட்சில் இவள் ஒன்பது வருஷம். சுகிர்தா வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். லோடு அனுப்ப பில் போடுவது எப்படி என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததே இவள்தான். போன மாசம் பெர்மனென்ட் ஆனது யார்? சுகிர்தா. ஏசிக்குக் கீழே புது மேஜை, புது கம்ப்யூட்டர், சுழல் நாற்காலி யாருக்கு? சுகிர்தாவுக்கு. அந்தப் பெண் கெட்டவளாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம். "அக்கா, சாப்ட்டீங்களா?" என்று வாய் நிறையக் கேட்கும். அதுதான் இன்னும் எரிச்சல்.

நேற்றுப் பூஜை முடிந்து போகும்போது கவரைப்பேட்டை பாலத்துக்கிட்டே ஒரு லாரி சுகிர்தாவின் ஸ்கூட்டியைத் தட்டிவிட்டது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறாள். சேதி கேட்டதும் புவனேஸ்வரி அழுதாள். நிஜமாகவே அழுதாள். அழுது முடித்து முகம் கழுவும்போது, அந்த நாற்காலி இனி காலிதானே என்று ஒரு நினைப்பு வந்தது. அதையும் அவள் விரட்டவில்லை.

இன்று காலையில் மேனேஜர் சந்திரமோகன் போன் செய்தார். "லோடு வண்டி கேட்டுல நிக்குது புவனா. ஆறு மணிக்குள்ள பார்டர் தாண்டணும். பில்லு போடற சைட்டு சுகிர்தா சிஸ்டத்துலதான் தொறக்கும். இத்த மட்டும் முடிச்சுக் குடு. அந்த சீட்டு இன்மே உனுக்குத்தான்."

அவள் பேர்க் காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். நகத்துக்குள் சந்தனம் ஏறியது. சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். மெத்தென்று இருந்தது. இத்தனை நாள் இதில்தான் உட்கார்ந்திருக்கிறாள் மகராசி.

கம்ப்யூட்டர் கிளம்பியது. இன்டர்நெட் திறக்கிற படத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். திறக்கவில்லை. ஒரு சின்னப் பெட்டிதான் வந்தது: 'ஏற்கெனவே திறந்திருக்கிறது. முதலில் அதை மூடவும்.'

எங்கே திறந்திருக்கிறது? திரையில் ஒன்றுமே இல்லையே. நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டாள். அதே பெட்டி. வயரைப் பிடுங்கி, நூறு எண்ணிச் செருகினாள். அதே பெட்டி. சாப்ட்வேரையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். இருபது நிமிஷம் போனது. அதே பெட்டி.

மணவாள நகரில் இருக்கும் கம்ப்யூட்டர் மெக்கானிக் யேசுதாசுக்குப் போன் போட்டாள்.

"டாஸ்க் மேனேஜர் தொறக்கா," என்றான் அவன். "உள்ளுக்குள்ள இன்னா இன்னா ஓடுதுன்னு அதுல லிஸ்ட்டு வரும். பிரவுசர் பேரு இருக்குதா?"

"இருக்குதுப்பா. ஏழு வரி."

"பக்கத்துல யார் பேரு காட்டுது?"

புவனேஸ்வரி பார்த்தாள். ஏழு வரியிலும் ஒரே பேர். "சுகிர்தா."

"அவுங்கதான் தொறந்து வச்சிக்கினு இருக்காங்க."

"அது ஆஸ்பத்திரில கெடக்குதுப்பா. கரன்ட்டே இப்பத்தான் போட்டேன்."

"ஆஃப் பண்ணிப் போட்டா எதுவும் நிக்காதேக்கா. பேஜாரு புடிச்ச மெஷினா கீது. ஒண்ணொண்ணா செலக்ட் பண்ணி 'எண்ட் டாஸ்க்' குடு. ஏழும் போனா தொறந்துக்கும்." வைத்துவிட்டான்.

முதல் வரியைத் தேர்ந்து அழுத்தினாள். சுகிர்தா என்ற பேர் ஒரு தடவை வெளிறி, பிறகு காணாமல் போனது. மிச்சம் ஆறு. அந்தப் பேர் அழிவதைப் பார்க்க அவளுக்குச் சுகமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

போன் அடித்தது. கிரேஸ். பாக்கிங்கில் வேலை செய்பவள், சுகிர்தாவுக்குச் சித்தி மகள், ராத்திரியிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். "அக்கா, இவ்ளோ நேரம் நல்லாத்தான் இருந்தா. இப்ப திடீர்னு காலு ரெண்டும் உணர்ச்சி இல்லன்றாங்க."

"கவலப்படாத. டாக்டருங்க பாத்துக்குவாங்க," என்றாள் புவனேஸ்வரி. சொல்லிக்கொண்டே இரண்டாவதை அழுத்தினாள். மூன்றாவதை அழுத்தினாள்.

போனில் யாரோ ஓடுகிற சத்தம். ஏதோ ஒரு கருவி விடாமல் கத்தியது. "அக்கா, அப்பால பேசறேன்," என்று கிரேஸ் வைத்தாள். ஐந்து நிமிஷத்தில் சேதி வந்தது. கிட்னி ரெண்டும் வேலை செய்யவில்லை.

ஏசியின் காற்று பிடரியில் அடித்தது. நான்காவது வரி நீலமாகத் தேர்வாகி நின்றது. புவனேஸ்வரி மணியைப் பார்த்தாள். மூன்று இருபது. அழுத்தினாள். மூன்று இருபத்தொன்றுக்குப் போன் அடித்தது.

"அக்கா, மூச்சு தானா வரல. கொழாய் போட்டுட்டாங்க."

அவள் மவுசிலிருந்து கையை எடுத்தாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அரை மணி நேரம் எதையும் தொடவில்லை. ஜன்னல் கம்பியின் நிழல் மேஜைமேல் நகர்ந்தது. கேட்டில் லாரி டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்து ஓய்ந்தான். மிச்சமிருந்த மூன்று வரிகளும் அசையாமல் இருந்தன. சுகிர்தா. சுகிர்தா. சுகிர்தா. பெட்டிக்குள் மின்விசிறி மெதுவாக ஓடியது, விட்டு விட்டு, ஆள் மூச்சு வாங்குகிற மாதிரி.

மூன்று ஐம்பத்தைந்துக்குக் கிரேஸ் கூப்பிட்டாள். குரலில் தெம்பு வந்திருந்தது. "அக்கா, அரை மணியா அப்டியே நிக்குதாம். இன்னும் மோசமாவலையாம். பொழச்சுக்குவான்றாங்க."

"கர்த்தர் காப்பாத்துவாரு," என்றாள் புவனேஸ்வரி. மனசார. அந்த நிமிஷத்தில் அவள் எழுந்து, மெயினை இறக்கிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

"மேனேஜர் சாரு வந்தாருக்கா," என்றாள் கிரேஸ். "எங்க பெரிம்மா கையப் புடிச்சிக்கினு அழுதாரு. எத்தினி மாசம் ஆனாலும் அவ சீட்டு அவுளுக்குத்தான், வேற யாரையும் உக்கார வுட மாட்டேன், புவனாவ சும்மா இன்னிக்கு ஒரு பில்லுக்குத்தான் கூப்ட்டேன்னாரு. நல்ல மனுஷன்."

ஒரு பில்லுக்கு. ஒன்பது வருஷம், ஒரு பில்லுக்கு. சாகக் கிடந்தாலும் அவளுக்குத்தான். உட்கார முடியாவிட்டாலும் அவளுக்குத்தான். அடிவயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சுக்கு வந்து காது வரைக்கும் எரிந்தது.

போனை மேஜையில் வைத்தாள். கை மவுசுக்குப் போனது.

ஐந்து.

ஆறு.

ஏழாவது வரி போகவில்லை. வெளிறியது, திரும்பி வந்தது. வெளிறியது, திரும்பி வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

போனது.

பிரவுசர் திறந்தது. வெள்ளையாக, சுத்தமாக. அவள் பில்லைப் போட்டாள், பிரிண்ட் எடுத்தாள், கேட்டுக்குப் போய் டிரைவரிடம் கொடுத்தாள். லாரி போயிற்று. திரும்பி வந்தபோது போனில் பதினோரு அழைப்பு தவறியிருந்தது, எல்லாமே கிரேஸ். எடுக்கிற தைரியம் இல்லை. அப்படியே நின்றாள். "வாய் நிறைய அக்கான்னு கூப்ட்ட புள்ள," என்று யாரும் இல்லாத அறையில் சொன்னாள். சொன்னபிறகுதான் அழுகை வந்தது. நேற்று வந்த மாதிரி இல்லை இது.

திரையின் மூலையில் ஒரு பட்டை நின்றிருந்தது. 'பழைய பக்கங்கள் திடீரென மூடப்பட்டன. மீட்கவா?'

பாய்ந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுத்தினாள்.

ஒன்று வந்தது. இரண்டு. மூன்று. ஏழும் வந்தன. ஏழு வெறும் பக்கங்கள்.

போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தாள். கிரேஸின் குரல் மிக மெதுவாக வந்தது.

"அக்கா. நாலு மணிக்கே முடிஞ்சிபோச்சின்னு சொல்லிட்டாங்க. துணி போட்டு மூடிட்டாங்க."

"இப்ப?"

"இப்ப எழுந்து உக்காந்துகினு இருக்கா. கண்ணு தொறக்கல. மூச்சு இல்லன்றாரு டாக்டரு, எல்லாரும் வெளிய ஓடிட்டாங்க. வெரலு மட்டும் ஆடுதுக்கா. கட்டில் கம்பில, டைப் அடிக்கற மாதிரி."

போனுக்குள் கேட்டது. டொக். டொக். டொக். இரும்பில் நகம் படுகிற சத்தம்.

ஒவ்வொரு டொக்குக்கும் திரையில் ஓர் எழுத்து விழுந்தது. ஏழு பக்கத்திலும் ஒரே எழுத்து. சாப்பாட்டு மணிக்குச் சுகிர்தா கேட்கிற அதே மரியாதையான பேச்சு.

'அக்கா, எழுந்திரிங்க. நான் உக்காரணும்.'

எழுந்திருக்கப் பார்த்தாள். நாற்காலி விடவில்லை. முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில், ஜில்லென்று, யாரோ தாம் உட்காரும் அளவுக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.