எந்தப் பக்கமிருந்து படித்தாலும் 18081

மதியம் இரண்டு மணிக்கு வெர்லின் தன் வண்டியை மிஸ் ஓலீட்டா வீட்டு வாசலில் நிறுத்தினான். ஓக்லஹோமாவில் அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு அரை மைல் தூரம். பலகைச் சுவரில் சாயம் உரிந்து தொங்கியது. உள்ளேயிருந்து பன்றிக் கொழுப்பு வாசனை கனமாக வந்தது. அந்த ஊரில் எந்த வீட்டில்தான் அது வராது? அவன் கண்டுகொள்ளவில்லை.

அவன் நினைப்பெல்லாம் ஓர் எண்ணில் இருந்தது.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் அவன். துப்பாக்கி சேர்ப்பது பைத்தியம் என்றால், துப்பாக்கியில் பொறித்த எண்ணுக்காக அதைச் சேர்ப்பது முற்றிப்போன பைத்தியம். வெர்லினுக்கு முற்றித்தான் போயிருந்தது. சுடுவதில் அவனுக்கு ஆசையே கிடையாது. 12345 கிடைக்குமா, 44444 கிடைக்குமா என்று ஊர் ஊராக அலைவான். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு துப்பாக்கிச் சந்தையில் அந்தப் பழைய ரிவால்வரைப் பார்த்ததும் ஆள் சொக்கிவிட்டான். பிடியின் அடியில் 18081. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் அதேதான். தலைகீழாகப் பிடித்தாலும் அதேதான்.

ஒரே ஒரு குறை. தோட்டா போடும் உருளையிலும் அதே எண் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ வேறு ஏதோ துப்பாக்கியின் உருளை. "இன்னொருத்தன் பல்செட்டை மாட்டிக்கிட்டு நிக்குதுப்பா உன் துப்பாக்கி" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். எட்டு வருஷம் அந்தக் கேலி அவனைத் தின்றது. விசாரித்து விசாரித்துக் கடைசியில் இந்த வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தான்.

மிஸ் ஓலீட்டா கதவைத் திறந்தாள். எதற்காக வருகிறான் என்று முன்பே கைப்பேசியில் சொல்லியிருந்தான். எழுபது வயது, வாயில் சிகரெட். கல்யாணம் ஆனவளோ இல்லையோ, அந்தப் பக்கம் வயதானவள் என்றால் 'மிஸ்'தான்.

"அது இங்கதான் இருக்கு. ஆனா தரமாட்டேன். காபி வேணும்னா குடிச்சிட்டுப் போ."

"பார்க்கவாவது விடுங்க மிஸ் ஓலீட்டா. அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கேன்."

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருந்தது. மூடியைத் திறந்து, உறைந்த கொழுப்புக்குள் கரண்டியை விட்டுத் துழாவி, உருளையை எடுத்துத் தட்டில் வைத்தாள். வெர்லின் விரலால் கொழுப்பை வழித்தான். 18081. அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"எங்க அப்பாவுக்கும் இந்த நம்பர் மேல உசிரு" என்றாள் அவள். "மர மில்லுல இடது கையில ரெண்டு விரல் போச்சு. மிச்சமிருந்த விரலால பிடிச்சுக்கிட்டு வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டுவார். எதிர்ல உக்கார வச்சு, பிடியை அவங்க பக்கம் திருப்பி, 'உன் பக்கத்துலேருந்து படி, என் பக்கத்துலேருந்து படி, எல்லாம் ஒண்ணுதான்'னு சொல்லுவார். அப்படிக் காட்டும்போதுதான் வெடிச்சது. அப்புறம் என் அண்ணன். அப்புறம் என் புருஷன். மூணு பேரும் கடைசியா சொன்னது ஒரே வார்த்தை."

"என்ன வார்த்தை?"

"'காலியாத்தான் இருக்கு, நான் பார்த்துட்டேன்.'"

சிகரெட்டை அணைத்தாள். "அதனாலதான் பிரிச்சோம். துப்பாக்கி ஒரு பக்கம், இது ஒரு பக்கம். ஒண்ணு சேராத வரைக்கும் அப்பா இந்தச் சமையக்கட்டை விட்டு நகரமாட்டார். உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு. ட்வைலா. முப்பத்தோரு வருஷம்."

"அப்போ கிளம்பு."

காபியை இறக்க அவள் திரும்பினாள். பாவி மனுஷன், அந்த அரை நிமிஷத்தில் செய்துவிட்டான். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தன் துப்பாக்கியிலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்த மாற்று உருளையைக் கொழுப்பில் அமுக்கி மூடினான். 18081 கைக்குட்டைக்குள் போனது. பார்வைக்கு இரண்டும் ஒன்று. கண்ணாடி போடாத கிழவிக்கு எண்ணா தெரியப்போகிறது?

வீட்டில் மாட்டினான். மெல்லிய சத்தத்தோடு இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

"என் பிறந்தநாளுக்குக்கூட நீ இப்படிச் சிரிச்சதில்ல" என்றாள் ட்வைலா.

"நீ 18081 இல்லையே."

"போய்யா, கிறுக்கா" என்று துண்டால் அடித்தாள்.

உருளையின் ஆறு தோட்டா அறைகளும் காலி. பார்த்துவிட்டுத்தான் இரும்புப் பெட்டியில் பூட்டினான்.

மறுநாள் காலையில் ஆசையாகத் திறந்தான். பன்றிக் கொழுப்பு வாசனை வந்தது. உருளையைத் திருப்பினான்.

ஒரு தோட்டா இருந்தது.

அந்த அளவுத் தோட்டா அவன் வீட்டிலேயே கிடையாது. சாவி அவன் கழுத்தில். எடுத்துக் குளத்தில் எறிந்தான். ட்வைலாவிடம் சொல்லவில்லை, எப்படிச் சொல்வான்?

அடுத்த நாளும் ஒன்று.

மூன்றாம் நாளும் பெட்டியைத் திறந்தான். தோட்டா இருந்தது. பிடியில் கொழுப்பு படிந்த விரல் தடங்கள் இருந்தன. எண்ணினான்.

மூன்று.

பிரேதம் மாதிரி வெளுத்துப்போய் உருளையைக் கழற்றினான். வெறும் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாப்பிடாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்தான்.

மிஸ் ஓலீட்டா அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள். திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. மாற்று உருளையைத் தூக்கி வாசலில் வீசிவிட்டு, 18081ஐக் கொழுப்புக்குள் அழுத்தினாள்.

"எத்தனை நாள் ஒண்ணா இருந்துச்சு?"

"மூணு நாள்."

"அந்த மூணு நாளும் நான் இந்த அடுப்புகிட்ட நிம்மதியா நின்னேன்" என்றாள் மெதுவாக. "முதுகுக்குப் பின்னால யாரும் இல்ல. ஏன்னு இப்பதான் புரியுது."

"இப்போ திரும்பி வந்துட்டாரா?"

அவள் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள்.

வெர்லின் பாதி வழி வந்தபோது கைப்பேசி அடித்தது.

"டப்பாவைத் திறந்து பார்த்தேன்" என்றது கிழவியின் குரல். "வெறும் கொழுப்புதான் இருக்கு. வீட்டுக்குப் போ. வேகமாப் போ!"

ட்வைலாவைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் கூப்பிட்டான். கடவுளே, எடுடி, எடு. எடுக்கவில்லை. மீதி இருபது மைலை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

உள்ளே பன்றிக் கொழுப்பு வாசனை. அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் ட்வைலா உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. எதிர் நாற்காலி பின்னால் தள்ளிக் கிடந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

"எங்கே போய்த் தொலைஞ்சே? உன் கூட்டாளி ஒருத்தர் வந்தார். நல்ல வயசானவர், பாவம். இடது கையில ரெண்டு விரல் இல்ல. நீ விட்டுட்டுப் போன உருளையைக் கொண்டாந்து அவரே மாட்டிக் குடுத்தார்."

அவள் கையில் ரிவால்வர் முழுசாக இருந்தது. இரும்புப் பெட்டி பூட்டியபடியே இருந்தது. சாவி அவன் கழுத்தில்.

"ட்வைலா. கீழே வை."

"இத்தனை வருஷம் எனக்கு இது புரியவே இல்ல பாரேன். அவர்தான் காட்டிக் குடுத்தார்." துப்பாக்கியைத் தூக்கி, பிடியின் அடியை அவன் பக்கம் திருப்பினாள். குழாய் அவள் தாடையை நோக்கி நின்றது. "உன் பக்கத்துலேருந்து படி. என் பக்கத்துலேருந்து படி. எல்லாம் ஒண்ணுதான்."

"கீழே வைம்மா. உன் கால்ல விழறேன்."

காலியான எதிர் நாற்காலி, யாரும் தொடாமல், மேசையை நோக்கி நகர்ந்தது.

ட்வைலா அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"எதுக்கு இப்படி வேர்க்குது உனக்கு? காலியாத்தான் இருக்கு, நான் பார்த்துட்டேன்."