மிதி, விடு

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து வண்டிக்குள் ஏறிய கறாருக்கு ஸ்டியரிங் தொப்பையில் இடித்தது. டிரைவர் சீட்டு முழுக்க முன்னால் இழுக்கப்பட்டிருந்தது, ஒல்லியான, குட்டையான யாரோ கால் எட்டுவதற்காக இழுத்துக்கொண்ட மாதிரி. நேற்று அதைக் கடைசிவரை பின்னால் தள்ளி, கதவைப் பூட்டி, சாவியை வீட்டுக்கு எடுத்துப் போனவர் அவர்தான்.

"எவன்டா என் சீட்டைத் தொட்டது?"

"நான் இன்னும் வண்டிப் பக்கமே வரல மாமா," என்றான் மச்சான். ஷெட்டு அவனுடையது. கறாரின் மனைவிக்குத் தம்பி, கைசுத்தமான மெக்கானிக், ஆனால் அக்கா புருஷனைக் கண்டால் மட்டும் கையிலிருக்கும் ஸ்பேனர் நழுவும்.

பழைய கார் வாங்கி விற்பது கறாரின் தொழில். சொன்ன விலையிலிருந்து இறங்க மாட்டார், ஏறிய கோபத்திலிருந்தும் இறங்க மாட்டார். அதனால்தான் அந்தப் பெயர். இந்த வெள்ளை வண்டி அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு வாத்தியார் வாங்கிப் போனார், அப்புறம் ஒரு மருந்துக்கடைக்காரர். "சும்மா நிக்கும்போதே உறுமுதுங்க" என்று இருவருமே திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். போகட்டும் என்று வண்டியை மகளுக்கே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு, மலைப்பாதையில் தனியாக ஓட்டிப் போகப் போகிறாள். அதற்குள் நோய் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் மகளிடம் 'முடியாது' என்று சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் அதைச் சொல்லியே பிழைத்த வாய் அவளிடம் மட்டும் அந்தச் சொல்லை மறந்துவிடும்.

காலையில் போனில் மச்சானைப் பற்றிப் பொரிந்து தள்ளியபோதுகூட அவள் சிரித்துக்கொண்டு, "விடுங்கப்பா" என்றாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கோபம் அவர் தலைக்கேறும் போதெல்லாம் அந்த ஒரு 'விடுங்கப்பா'தான் இறக்கும்.

"சென்சார் புதுசு போட்டேன் மாமா. அதுவும் சரியில்லைன்னு இன்னொண்ணு போட்டேன்."

"உனக்குச் சென்சார் சரியில்லையா, கண்ணு சரியில்லையா?"

அந்தச் சென்சார் கட்டைவிரல் அளவு சமாச்சாரம். ஆக்சிலேட்டரைக் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று எஞ்சினின் கம்ப்யூட்டருக்குக் கோள் சொல்வது அதன் வேலை. கெட்டுப்போனால் பொய்க்கோள் சொல்லும்: கால் படாமலே 'மிதிக்கிறார்கள்' என்னும். சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பானட்டுக்கடியில் மீட்டரைப் பார்த்துக்கொண்டு 'மிதி, விடு' என்று குரல் கொடுக்க வேண்டும், இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து சொன்னபடி செய்ய வேண்டும். முள் சீராக ஏறி இறங்கினால் நல்லது. துள்ளினால் கோளாறு.

"மீட்டரை இன்னைக்கு நான் பார்க்கறேன்," என்றார் கறார். தராசை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு நிற்கிற வம்சம் இல்லை அவருடையது. "நீ உள்ள உக்காந்து மிதி."

"சரி மாமா. ஹேண்ட்பிரேக் பிடிக்காது. உருளக்கூடாதுன்னு முதல் கியர்ல போட்டுடறேன். ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க." சாவியைப் பாதி திருப்பி வைத்தான், விளக்குகள் எரிந்தன. மீட்டரின் வயர்களைச் சென்சாரில் மாட்டிக் கொடுத்தான்.

வண்டியின் மூஞ்சி சுவரைப் பார்த்து நின்றது. சுவருக்கும் பம்பருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம்தான். அங்கேயே தெருவுக்குப் போகும் சின்னப் பக்கக் கதவு. கறார் அந்த இடுக்கில் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். தூக்கி நிறுத்திய பானட் எதிரே முழுதாய் மறைத்தது. மழை பிடித்துக்கொண்டது. தகரக்கூரை அதிர்ந்தது. கரண்ட் போயிற்று. மச்சான் எங்கிருந்தோ எதையோ சொன்னான், மழையில் காதில் விழவில்லை. எரிச்சலாகத் தலையாட்டிவைத்தார். பழைய எண்ணெயும் ஈரத் துணியும் நாறிய இருட்டில் மீட்டரின் முகம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"மிதி."

கொஞ்சம் தாமதம். பிறகு முள் ஏறியது. சீராக, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல.

"விடு."

இறங்கியது.

"மெதுவா மிதி."

மெதுவாக ஏறியது. எத்தனை பணிவு. ஒரு துள்ளல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. கறாருக்கு இரத்தம் கொதித்தது. ஒரு கோளாறும் இல்லாத வண்டிக்கா இவன் சாமான் மாற்றி மாற்றிப் போட்டான்?

"அப்படியே பிடி. விடாதே. ஏன்டா, சொந்த அக்கா புருஷன்னுகூடப் பார்க்காம என் தலையிலயே மிளகாய் அரைக்கிறியா? வாயைத் திறந்து பதில் சொல்லேன். உன்னைத்தான். செவிட்டு முண்டம்."

முள் நடுங்கியது. திட்டு ஏற ஏற நடுக்கமும் ஏறியது, பயந்துபோன ஒரு கால் பெடலின் மேல் வெடவெடப்பதைப் போல. ஆனால் விடவில்லை. சொன்ன இடத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தது.

"மாமா, யாரைத் திட்டறீங்க?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பக்கக் கதவில் மச்சான் நின்றான், தலையில் கோணிச்சாக்கு, கையில் டார்ச்சு.

"பக்கத்துக் கடையில டார்ச்சு வாங்கிட்டு வரேன்னு சொன்னேனே. நீங்க தலையாட்டினீங்க."

கறார் மீட்டரைப் பார்த்தார்.

முள் பாதியில் நின்றுகொண்டிருந்தது.

டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு டிரைவர் பக்கம் போனார். மச்சான் பின்னாலேயே வந்தான். கதவு சாத்தியிருந்தது. திறந்தார். சீட்டில் யாரும் இல்லை. அவரே மதியம் திரும்பவும் பின்னால் தள்ளிவிட்ட சீட்டு. இப்போது முழுக்க முன்னால் இருந்தது. பஞ்சு மெத்தை நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. கீழே வெளிச்சம் அடித்தார்.

ஆக்சிலேட்டர் பாதி அமுங்கியிருந்தது. கிளட்சும்தான். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இரண்டு காலையும் சேர்த்தே அழுத்துவார்கள்.

"விடு," என்றார். காற்றுதான் வந்தது.

இரண்டு பெடலும் கீழ்ப்படிந்து மேலே வந்தன.

மச்சானின் கை அவர் தோளைப் பற்றியது. "எங்க வாங்கினீங்க மாமா இதை?"

மூடிப்போன ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வாங்கியது. பேரம் பேசாமல் கொடுத்தார்கள். அங்கே ஓட்டச் சொல்லித்தந்த வாத்தியாருக்கான இரண்டாவது பிரேக்கைக் கழற்றிய ஓட்டைகளை ரப்பர் விரிப்பால் மூடியதும், முன்பக்கத்துக்குப் பெயிண்ட் அடித்ததும் அவர்தான். கற்றுக்கொள்ள வந்த பெண் நல்ல பெண்ணாம், சொன்ன பேச்சு தட்டமாட்டாளாம். வாத்தியார் இறங்கிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டு, வண்டியைக் கிட்டே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். கோபக்கார மனிதர். பிரேக்கை மிதி என்று கத்தியிருக்கிறார். கடைசிச் சொல் மட்டும்தான் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அப்புறம் அவளும் அதிக நாள் இருக்கவில்லை என்றார்கள்.

சாவியை எடுக்க வேண்டும். அவ்வளவுதான். டார்ச்சை மச்சானிடம் கொடுத்துவிட்டுக் கையை உள்ளே நீட்டினார். சீட்டுக்கு மேலே காற்று சூடாக இருந்தது. ஓர் ஆளின் மடிச்சூடு. கை தானாகப் பின்வாங்கியது.

"நீ எடுடா."

"நான் மாட்டேன் மாமா."

கோபம் வந்தது. பயத்தைவிட அது பழகிய சரக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கையை நீட்டினார்.

பக்கக் கதவு கிறீச்சிட்டது.

"அப்பா? பழைய ஆபீஸ்ல கடைசி நாள்னு சீக்கிரம் விட்டுட்டாங்க. என்ன, ஒரே இருட்டு?"

சுவருக்கும் பம்பருக்கும் நடுவே மகள் நின்றாள். குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஓடிவந்த அவசரத்தில் தட்டிவிட்ட மீட்டர் வயரோடு தொங்கித் தரையில் கிடந்தது. அவள் ஈரச் செருப்பு அதன்மேல் இறங்கப் போனது. வாழ்நாளெல்லாம் சரக்கைக் காத்த வாய் யோசிக்கவில்லை.

"அதை மிதிக்காதே."

முழுச்சொல்லும் முடியவில்லை. 'மிதி' வரைக்குமே போதுமாயிருந்தது.

கிளட்ச் இறங்கியது. ஆக்சிலேட்டர் இறங்கியது. தரைவரைக்கும். சாவி மெல்லத் திரும்பியது, கவனமாக, பாடம் படித்த மாதிரி. எஞ்சின் அலறியது. ஷெட்டு அலறியது.

முதல் கியர். பிடிக்காத ஹேண்ட்பிரேக். இப்போது வண்டியைப் பிடித்து நிறுத்தியிருப்பது அமுங்கிய அந்தக் கிளட்ச் ஒன்றுதான். ஒரு சொல் வந்தால் போதும், அது மேலே வரும், வண்டி சுவரை நோக்கிப் பாயும். எந்தச் சொல் என்று அவருக்குத் தெரியும். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பேசாதே. பேசாதே. வெளியே போ.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மங்கலான வெளிச்சத்தில் சிவந்துபோன ஒரு முகம். பக்கத்தில் வெலவெலத்து நிற்கும் மாமா. ஏதோ உடைந்துவிட்டது, வழக்கம்போல அப்பாவுக்குத் தலைக்கேறிவிட்டது. பானட்டின் ஓரமாக எட்டிப் பார்த்தாள். சிரித்தாள். இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி நிதானமாக, உரக்கச் சொன்னாள்.

"விடுங்கப்பா."

டார்ச்சு வெளிச்சத்தில் கிளட்ச் பெடல் மேலே வரத் தொடங்கியது.