பனியைத் தள்ளுபவருக்கே தெரு

பனி லாரி வழக்கம்போல எல்லைக் கம்பத்தருகே வந்து நின்றது. முன்னாலிருந்த இரும்புத் தகட்டை உயர்த்தியது. அதுவரை தள்ளிக்கொண்டு வந்த பனி முழுவதையும் ரூட்டாவின் வீட்டு வாசலில், கார் வெளியே வர வழியில்லாமல் குவித்தது. பிறகு ஒன்றுமறியாத பிள்ளைபோலத் திரும்பப் பார்த்தது.

திரும்ப முடியவில்லை. குறுக்கே ஒரு பெண் பனிவாரியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

கம்பளித் தொப்பி புருவம் வரை. கழுத்துத்துண்டு மூக்கு வரை. நடுவே இரண்டு கண்கள்... சாம்பலும் பச்சையும் கலந்த கண்கள்... உறைந்த ஏரிக்கு அடியில் தண்ணீர் ஓடுவதுபோல அவற்றுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. கோபம்தான், வேறென்ன!

"ஏங்க, இதென்ன, எனக்குச் சீதனமா?"

ஓட்டுநர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். அவனுக்கும் முகம் தெரியவில்லை. தொப்பி, துண்டு, பாகு நிறத்தில் இரண்டு கண்கள்.

"மன்னிச்சுக்குங்க. எல்லை வரைக்கும்தான் எனக்கு உத்தரவு. அந்தப் பக்கம் உங்க ஊரு."

"லாரி தாண்டக் கூடாது. நீங்க கொண்டாந்த பனி மட்டும் தாண்டலாமோ?"

"அது... பனிக்கு எல்லை தெரியாதுங்க."

"உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றபடி ஒரு வாரிப் பனியை அள்ளி வீசினாள். அது ஜன்னல் வழியே நுழைந்து அவன் மடியில் உட்கார்ந்துகொண்டது.

அவன் மடியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். இறங்கினான். ஐயோ, இவ்வளவு உயரமா... ரூட்டா ஓரடி பின்னால் போனாள். அவனோ வாரியை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி, கம்பத்தைத் தாண்டி நடந்து, குவியலை அள்ளத் தொடங்கினான்.

"உத்தரவு என்னாச்சு?"

"அது லாரிக்குங்க. எனக்கில்ல."

சிகாகோவுக்கு மேற்கே நகராட்சிகள் ஒன்றையொன்று முழங்கையால் இடித்துக்கொண்டு கிடக்கும் இடத்தில், எதிலும் சேராமல் விடுபட்டது எங்கள் ஊர் ஹிக்கரி பெண்ட். மேயர் இல்லை, மன்றம் இல்லை. ஆகவே திட்டுவதற்கு ஆள் வேண்டுமென்றால் அவரவர் வீட்டுக்குள்தான் தேடவேண்டும். தெருவிளக்கு கிடையாது. சேவல் வளர்த்தால் கேட்பாரும் கிடையாது. மாவட்ட நிர்வாகமான கவுண்டியின் பனி லாரி ஈஸ்டருக்குள் கட்டாயம் வந்துவிடும். அதுவரை ரூட்டாவின் அப்பா அல்கிஸ் தம்முடைய பழைய டிராக்டரில் தகடு கட்டி ஊர்த் தெருக்களைச் சுத்தம் செய்வார்.

அந்த வருடக் குளிரை ஒரு பொட்டும் கூட்டாமல் சொல்கிறேன். தீயணைப்பு நிலையக் கடிகாரத்தில் சின்ன முள்ளும் பெரிய முள்ளும் பன்னிரண்டில் கட்டிக்கொண்டு, இனிப் பிரிவதில்லை என்று அப்படியே நின்றுவிட்டன. பெர்னிஸ் அத்தை வீட்டுச் சேவல் கூவுவதை விட்டுவிட்டுத் தும்மித்தான் ஊரை எழுப்பியது.

அந்தக் குளிரில்தான் பனி விழுந்த காலையெல்லாம் ரமிரோ வந்தான். அதுதான் அந்தப் பக்கத்து நகராட்சி லாரி ஓட்டுநரின் பெயர். லாரி எல்லையில் நிற்கும், அவன் தாண்டுவான். இரண்டு வாரி அவன், ஒரு வாரி அவள்...

ஒருநாள் ரூட்டா காப்பி கொண்டுவந்தாள். காப்பி குடிக்கத் துண்டை இறக்கவேண்டும் அல்லவா? இறக்கினாள். அவனும் இறக்கினான். கண்களை மட்டுமே இத்தனை நாள் பார்த்துப் பழகியவர்களுக்கு, திடீரென்று மூக்கு, கன்னம், உதடு எல்லாம் சேர்ந்து வந்தால் தாங்குமா?

"காப்பி... நல்லாருக்கு" என்றான் ரமிரோ.

"நீங்க இன்னும் குடிக்கவே இல்லையே."

"வாசனையிலயே தெரியுதுங்க."

அன்றிரவிலிருந்து ஊர் முழுக்கப் பனி நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டது. இரண்டே பேர் மட்டும் கொட்டவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். கடவுள் யார் பக்கம் என்பது காலையில் தெரிந்தது. அந்தப் பனிக்கு வானிலைக்காரர்கள் ஏதேதோ காரணம் சொன்னார்கள். பாவம், படித்தவர்கள்.

பிப்ரவரியில் ஒரு காலை ரூட்டா மணிக்கட்டில் துணிக்கட்டோடு நின்றாள். அள்ளி அள்ளி வீங்கியிருந்தது.

"ரொம்ப வலிக்குதா?"

"சேச்சே... லேசாத்தான்." கண் வேறு சொன்னது.

ரமிரோ லாரியில் ஏறினான். தகட்டை இறக்கினான். எல்லைக் கம்பத்தைத் தாண்டினான்! அவள் வாசற்படி வரை தெருவைத் துடைத்துவிட்டாற்போலச் செய்தான்.

கதவு திறந்தது. ஒரு கையில் முள்கரண்டி, அதன் நுனியில் உருளைக்கிழங்குப் பணியாரத் துண்டு, காலில் வீட்டுச் செருப்பு... அல்கிஸ்!

"நிறுத்துடா!"

"சார், வாசலை மட்டுந்தான்..."

"பக்கத்துல பீச்வுட்னு ஒரு ஊர் இருந்துச்சு, தெரியுமா? முதல்ல உங்க ஆளுங்க பனி தள்ளிக் குடுத்தாங்க. அப்புறம் விளக்குப் போட்டாங்க. அப்புறம் சேவல் கூவக் கூடாதுன்னாங்க. இப்ப பீச்வுட் எங்க? ஒரு பஸ் நிக்கிற இடத்துக்குப் பேரு! யார் பனியைத் தள்றாங்களோ, தெரு அவங்களுது. அதான்டா சட்டம்."

"நான் ஊரைப் பிடிக்க வரல சார்."

"பின்ன எதுக்கு வந்த?"

ரமிரோவின் கண்கள் ரூட்டாவிடம் போய்த் திரும்பின. அல்கிஸுக்கு அதுவே போதும்.

"ஓஹோ! பொண்ணுக்கா? எங்க ஊர்க்காரனா இருந்தா உக்கார வெச்சுப் பேசுவேன். நகராட்சிக்காரன் இந்தப் படி மிதிக்கக் கூடாது."

"அப்பா!"

"நீ சும்மா இரு."

ரமிரோவின் முகம் சிவந்தது. "மதிப்பில்லாத வாசலுக்கு இனி நானும் வரல சார்." லாரி திரும்பியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அல்கிஸ் டிராக்டரை எடுத்தார். அவன் ஒதுக்கிய பனியை எல்லாம் பழையபடி தெருவிலேயே பரப்பிவைத்தார். பொழுது சாய்ந்துவிட்டது. யாருக்கும் கடன்படவில்லை என்ற திருப்தியில் நன்றாகத் தூங்கினார்.

அதன்பின் வேறொரு ஓட்டுநர் வந்தார். எல்லையில் கொட்டினார், போனார். ரூட்டா ஜன்னலோரம் நின்றாள். 'இவ்வளவுதானா? ஒருதரம் திரும்பியாவது பார்த்திருக்கலாமே... பெரிய ரோஷக்காரர்!' ஆனாலும் இரவில் பனிக்காக வேண்டுவதை அவள் நிறுத்தவில்லை.

மாதக் கடைசியில் வானம் மிச்சம் வைக்காமல் கொட்டியது. விடிந்தபோது தபால் பெட்டிகளைக் காணோம். பக்கத்து நகராட்சியின் பாடு இன்னும் மோசம். லாரிக் கொட்டகையின் கூரைப் பனி சரிந்து கதவை மூடிவிட்டது. லாரியை எடுக்கப் பனியைத் தள்ளவேண்டும். பனியைத் தள்ள லாரியை எடுக்கவேண்டும். மன்றம் தொலைபேசியிலேயே கூடி இதை ஆழ்ந்து ஆலோசித்தது.

யாரையும் நம்பிப் பழக்கமில்லாத எங்கள் ஊரோ மதியத்துக்குள் சுத்தமாகிவிட்டது. அல்கிஸ் டிராக்டரை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

ரூட்டா எல்லைக் கம்பத்தைப் பார்த்தாள். அதற்கு அப்பால் வெள்ளைச் சுவர். சுவருக்கு அப்பால் எங்கோ, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், அவன் தன் வீடென்று சொன்ன மஞ்சள் வீடு... அப்பாவின் குரல் காதில் கேட்டது. யார் பனியைத் தள்றாங்களோ...

அவள் கண்களில் குறும்பு பளிச்சிட்டது.

டிராக்டர் உறுமியது. எல்லைக் கம்பம் வந்தது. அவள் தகட்டை உயர்த்தவில்லை. இன்னும் அழுத்தி இறக்கினாள்!

"எங்கடி போற?" என்று கத்தினாள் பெர்னிஸ் அத்தை.

"நம்ம ஊரைக் கொஞ்சம் பெருசாக்கிட்டு வரேன் அத்தை!"

பெர்னிஸ் அத்தைக்கு இரண்டாம் தடவை சொல்லவேண்டியதில்லை. புல்வெட்டும் வண்டியில் பலகையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் பின்னால் ஊரே கிளம்பியது. கடைசியில் வீட்டுச் செருப்போடு அல்கிஸ். "ரூட்டா! அடியே! அது என் டிராக்டர்!"

வங்கியைத் தாண்டினார்கள். நூலகத்தைத் தாண்டினார்கள். நகராட்சி அலுவலக வாசலைத் தாண்டியபோது, பக்கத்து வீட்டு மாடியில் நின்ற மேயர் நன்றியோடு கையசைத்தார். பெர்னிஸ் அத்தை குடித்தனக்காரருக்குக் காட்டுவதுபோலப் பதிலுக்குக் கை காட்டினாள்.

மஞ்சள் வீட்டின் கடைசிப் படியைத் தகடு தொட்டு நின்றது. கதவு திறந்தது. தொப்பி இல்லை, துண்டு இல்லை, கையெல்லாம் சோளமாவு... ரமிரோ. பின்னால் அவன் அம்மா அம்பாரோ எட்டிப் பார்த்தாள்.

"இவதானா அது?" என்றாள் அவள். "இங்க பாரும்மா, தினமும் ஜன்னல்ல நின்னு பனி வேணும் பனி வேணும்னு வேண்டிக்கிறான். ஊரையே மூடிட்டான் படுபாவி!"

'அவரும் நிறுத்தவில்லையா...!' ரூட்டா டிராக்டரிலிருந்து குதித்து இறங்கினாள்.

மூச்சு வாங்க அல்கிஸ் வந்து சேர்ந்தார். "என்ன பொண்ணே இது? யார் வாசலுக்கு யார் வண்டி?"

"யார் பனியைத் தள்றாங்களோ தெரு யாருதுப்பா?"

"அவங்களுதுதான். அதுக்கென்ன?"

"அப்ப இந்தத் தெரு?"

அல்கிஸ் திரும்பிப் பார்த்தார். தாம் ஓடிவந்த பாதை பளபளவென்று நீண்டு கிடந்தது. பள்ளிக்கூடம்... நூலகம்... வங்கி... மெல்ல மெல்ல அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"நகராட்சி ஆபீசு?"

"நம்மளுது."

"இந்த மஞ்ச வீடு?"

"நம்ம ஊரு. இவரும் நம்ம ஊர்க்காரர். உக்கார வெச்சுப் பேசுவேன்னு சொன்னீங்க."

சட்டம் அல்கிஸுடையது, தப்ப வழியில்லை. அதைவிட, ஒரு நகராட்சியையே விழுங்கிய ருசி அவர் நாக்கில் இருந்தது. படியேறி ரமிரோவின் தோளில் தட்டினார்.

"தம்பி, சேவல் வளக்கணும்னா தாராளமா வளத்துக்கோ. நான் கேக்க மாட்டேன்."

"சார்... நான் அன்னைக்குப் பேசுனது..."

"உள்ள போய்ப் பேசலாம்யா. கால் ரெண்டும் விறைச்சுப் போச்சு!"

அம்பாரோ அவரை அடுப்பங்கரைக்கு அழைத்துப் போனாள். படியில் இரண்டு பேர் மட்டும். ரூட்டா துண்டை இறக்கினாள். வண்டியில் இருந்த துணிச்சல் எங்கே போனதோ, கன்னம் இரண்டும் சிவந்துவிட்டன.

"இப்ப எல்லை எங்க இருக்கு?" என்றான் ரமிரோ.

"தெரியல. அழிச்சிட்டேன்." துண்டின் நுனியை விரலில் சுற்றினாள். "உங்களை விட்டுட்டு இருக்க முடியல... அதான், ஊரோட சேத்துக்க வந்தேன். வருவீங்களா?"

"நீ என் மடியில பனியை வீசுனியே... நான் அன்னைக்கே உன் ஊருக்குக் குடிவந்துட்டேன் ரூட்டா."

சோளமாவுக் கை அவள் கையைப் பற்றியது. தெருவில் ஊரார் வண்டிகள் எல்லாம் சேர்ந்து ஒலிப்பான் அடித்தன.

அந்த நொடியில், அதுவரை லேசாகத் தூவிக்கொண்டிருந்த பனி நின்றது. வேண்டிக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். தீயணைப்பு நிலையக் கடிகாரம் மட்டும் இன்றுவரை ஓடவில்லை. பழுது பார்க்க ஏணியோடு ஒருவர் வந்தார். அந்த இரண்டு முள்ளையும் பிரிக்க அல்கிஸ் விடமாட்டேன் என்றுவிட்டார்.