டின்னைக் குலுக்காதீங்க!

ஐந்து ஞாயிற்றுக்கிழமை. ஐந்து சீட்டு. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

ஏன் என்று பாஜிலாவுக்குப் புரியவில்லை. புரியாத விஷயம் எதுவானாலும் அவளுக்கு முதலில் கோபம்தான் வரும். யோசனை அதற்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்து சேரும்.

விஷயம் இதுதான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த கிளை நூலகத்தில், அந்தக் கோடை விடுமுறையில் 'கேள்வி நேரம்' என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். ஆளுக்கொரு கேள்வியைத் தாளில் எழுதி, பெயர் போட்டு, மடித்து ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் போடுவார்கள். நூலகர் ஞானபாக்கியம் மேடம் டின்னை மூடி நன்றாகக் குலுக்குவார். பிறகு மூடியைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைவிட்டு மேலாக அகப்படும் ஒரு சீட்டை எடுப்பார்.

யாருடைய சீட்டு வருகிறதோ, அவர் கையில் சாவி. ஆமாம், சாவி! அங்கே ஒரு கண்ணாடி பீரோ இருந்தது. அதற்குள் தடித்தடியான கலைக்களஞ்சியங்கள், கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று படம் போட்ட புத்தகங்கள், இயந்திரங்களைக் குறுக்கே வெட்டிக் காட்டும் புத்தகங்கள். மற்ற நாட்களில் பீரோ பூட்டியே கிடக்கும். சீட்டு வந்தவர் பீரோவைத் திறந்து, எல்லோரும் சேர்ந்து அந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டும்.

எடுக்காத சீட்டுகளை மேடம் வீசமாட்டார். அவை டின்னிலேயே இருக்கும், அடுத்த வாரமும் வாய்ப்பு உண்டு. ஆக, பாஜிலாவின் ஐந்து சீட்டுகளும் டின்னுக்குள் இருந்தன. ஐந்திலும் ஒரே கேள்வி: 'காற்றாலைக்கு ஏன் மூன்றே இறக்கை? நான்கு இருந்தால் இன்னும் வேகமாகச் சுற்றாதா?'

அவளுடைய அத்தா, அதாவது அப்பா, அப்துல் சமது திராட்சை வியாபாரி. ஒருமுறை ஓடைப்பட்டிக்கு அவரோடு வண்டியில் போனபோதுதான் காற்றாலைகளைப் பார்த்தாள். அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவள் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஐந்தாவது ஞாயிறு, மேடம் எடுத்த சீட்டைப் பிரித்து, "முஜிபுர் ரஹ்மான்" என்று வாசித்தார்.

மூன்றாவது முறை! ஐந்து வாரத்தில் மூன்று முறை முஜிப்!

"மறுபடியும் நானா?" என்று முஜிப் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "என்ன பாஜிலா, ஒன் சீட்டெல்லாம் உள்ள படுத்துத் தூங்குதாக்கும்?"

பாஜிலா எழுந்துவிட்டாள். "இது ஏமாத்து வேலை! மேடம் வேணும்னே அவன் சீட்டையே எடுக்குறாக!"

பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒருவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "டின்னுக்குள்ள நான் கண்ணு வச்சிருக்கேனா? எல்லாரு முன்னாலயும் கை வலிக்க வலிக்கக் குலுக்குறேன். என்னப் பாத்தா ஏமாத்துறேன்ங்குற?"

"பின்ன ஏன் என் சீட்டு வரல?"

"எனக்கென்ன தெரியும்? அடுத்த வாரம் கடைசி வாரம். வாய மூடிக்கிட்டு ஒக்காருறதா இருந்தா வா. இல்லைன்னா வராத!"

பாஜிலா செருப்பைத் தேடாமலே வெளியே போனாள். பாதித் தெருவில் கால் சுட்டது. திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி கோபமாகப் போனாள். முதல்முறை போன அளவுக்கு அது நன்றாக அமையவில்லை.

வீட்டில் அம்மா மதீனா மிக்சர் டின்னை எடுத்து வைத்தார். பாஜிலாவுக்கு மிக்சரில் கடலை மட்டும்தான் பிடிக்கும். டின்னைத் திறந்து பார்த்தாள். மேலே ஓமப்பொடி நொறுங்கலும் பூந்தியும்தான் தெரிந்தன.

"இதுலயும் எனக்கு இல்லையா?" என்று டின்னை மூடி, இருந்த கோபத்தையெல்லாம் கையில் வைத்து, 'சளக் சளக்' என்று குலுக்கினாள்.

"ஏண்டி, டின்னு ஒன்ன என்ன செஞ்சுச்சு?" என்றார் அம்மா.

பாஜிலா குலுக்குவதை நிறுத்தினாள். மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேலே முழுக்கக் கடலை. காராச்சேவு. பெரிய பெரிய துண்டுகள். பூந்தியைக் காணோம். நொறுங்கலைக் காணோம்.

அவள் கையை அடிவரை விட்டுப் பார்த்தாள். பொடியும் பூந்தியும் அங்கே பத்திரமாக இருந்தன.

இப்போதுதான் அந்த யோசனை மெதுவாக நடந்து வந்து சேர்ந்தது.

குலுக்கும்போது என்ன நடக்கிறது? டின்னுக்குள் இருப்பதெல்லாம் ஒரு நொடி எழும்பி விலகுகின்றன. விலகும்போது நடுவில் சந்து உண்டாகிறது. சின்னத் துண்டு அந்தச் சந்தில் நழுவிக் கீழே இறங்கிவிடுகிறது. பெரிய துண்டால் அதில் நுழைய முடியாது. கீழே இறங்கிய சின்னது பெரியதற்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த குலுக்கலில் இன்னும் கொஞ்சம். குலுக்கக் குலுக்கச் சின்னது அடிக்குப் போகும், பெரியது மேலே வரும்.

முஜிபின் அத்தா கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் வைத்திருக்கிறார். மீந்துபோன தடித்த அட்டையில்தான் முஜிப் கேள்வி எழுதுவான். அது சரியாக மடியாது. அப்பளம்போல விறைத்துக்கொண்டு நிற்கும்.

பாஜிலாவின் சீட்டு? யாரும் பிரித்துப் பார்த்துவிடக் கூடாது என்று, தாயத்துக்குள் வைக்கிற சீட்டு மாதிரி மடித்து, மடித்து, இன்னொரு முறையும் மடித்து, நகத்தால் அழுத்திப் போடுவாள். கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும்.

உடனே நம்பிவிடவில்லை. சோதித்துப் பார்த்தாள். பழைய பத்திரிகையில் இருபது பெரிய சீட்டு, இருபது குட்டிச் சீட்டு. எல்லாவற்றையும் காலி டின்னில் போட்டுக் குலுக்கினாள். தங்கை ஷர்மினைக் கண்ணை மூடி எடுக்கச் சொன்னாள். எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போட்டு மறுபடி குலுக்கினாள்.

"ஒரு சீட்டுக்கு ஒரு கடலை" என்றாள் ஷர்மின். "இல்லைன்னா எடுக்க மாட்டேன்."

இருபது முறை. இருபது கடலை. பதினெட்டு முறை பெரிய சீட்டு, இரண்டே முறை குட்டிச் சீட்டு.

மேடம் ஏமாற்றவில்லை. நேர்மையாக இருக்க வேண்டும் என்று எவ்வளவுக்கு எவ்வளவு குலுக்கினாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு பாஜிலாவின் சீட்டு அடியில் புதைந்தது!

கோபம் போய்விட்டதா? இல்லை. ஆனால் கூடவே ஒரு திட்டமும் வந்தது. அவள் வரைபட நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்தாள். பெரிய எழுத்தில் கேள்வியை எழுதி, லேசாகக் கசக்கி உருட்டினாள். பந்து மாதிரி இருந்தது. அடுத்த வாரம் டின்னில் இதுதான் மேலே மிதக்கும். முஜிபின் அட்டையைவிட இது பெரியது!

கடைசி ஞாயிறு பையில் அந்தப் பந்தோடு நூலகத்துக்குப் போனாள். வாசலில் அனிதா மேரி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வகுப்பு போகப் போகிற பெண். அவளுடைய அம்மா ஞாயிற்றுக்கிழமை சந்தையில் காய் விற்க வருவார். மகளை நூலகத்தில் விட்டுவிட்டுப் போவார்.

அனிதா மேரி முழங்காலில் ஒரு பஸ் டிக்கெட்டை வைத்து, பின்பக்கம் எறும்பு எறும்பாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"பஸ் டிக்கெட்லயா எழுதுற?"

"பஸ்ல வரும்போதுதான்க்கா கேள்வி வருது. மறந்துபோறதுக்குள்ள எழுதணும்ல? எல்லா வாரமும் இப்படித்தான்." அவள் டிக்கெட்டை நான்காக மடித்தாள். "ஆனா ஒண்ணுமே வரல. என் கேள்வியெல்லாம் நல்லா இல்லைபோல. டின்னுக்கே பிடிக்கல. அடுத்த வருசம் நான் வரல."

பாஜிலாவுக்குக் கோபம் குபீரென்று வந்தது. இந்த முறை முஜிப் மேல் இல்லை, மேடம் மேல் இல்லை. ஒரு தகர டின் இந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்து 'உன் கேள்வி நன்றாக இல்லை' என்று ஐந்து வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டு இவளும் நம்பிவிட்டாள்!

பையில் இருந்த பந்து அவள் கையில் தட்டுப்பட்டது. இதைப் போட்டால் சாவி தனக்குத்தான். இந்த பஸ் டிக்கெட் இன்னும் ஆழத்துக்குப் போகும்.

உள்ளே எல்லோரும் சீட்டுப் போட்டார்கள். பாஜிலா மட்டும் போடவில்லை. மேடம் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூடியைப் போட்டு டின்னைத் தூக்கினார்.

"டின்னைக் குலுக்காதீங்க மேடம்!"

"ஆரம்பிச்சிட்டாய்யா கோவக்காரி" என்றான் முஜிப்.

"நீ சும்மா இருலே!"

"பாஜிலா!" மேடம் டின்னை டங்கென்று மேசையில் வைத்தார். "நான் போன வாரம் என்ன சொன்னேன்?"

"வாய மூடிக்கிட்டு ஒக்காரணும்னு சொன்னீங்க. பேசிட்டுப் போயிர்றேன் மேடம். நீங்க ஏமாத்தல. நான் அப்படிச் சொன்னது தப்பு. ஆனா டின்னு ஏமாத்துது!"

"டின்னு ஏமாத்துதா?"

"எப்பவும்போலக் குலுக்குங்க. ஆனா ஒண்ணு மட்டும் எடுக்காதீங்க. மேல இருந்து ஒவ்வொண்ணா எடுத்து வரிசையா மேசைல வைங்க. நான் சொன்னது தப்பா இருந்தா நானே வெளிய போறேன்."

மேடம் அவளை முறைத்தார். பிறகு, இருந்த கோபத்தில், வழக்கத்தைவிடப் பலமாகவே குலுக்கினார். மூடியைத் திறந்து மேலிருந்து எடுத்து வைக்கத் தொடங்கினார்.

விறைத்த அட்டை. முழுத்தாள். விறைத்த அட்டை. முழுத்தாள். முழுத்தாள். விறைத்த அட்டை.

"அட்டை மூணும் என்னுது!" என்றான் முஜிப். அவன் குரலில் பெருமை பாதியில் நின்றுபோனது.

நூற்றுக்கும் மேற்பட்ட சீட்டுகள். வரிசை நீள நீளத் தாள்கள் சிறிதாகிக்கொண்டே போயின. பாதித்தாள், கால்தாள். பிள்ளைகள் மேசையைச் சுற்றி நெருக்கினார்கள். கடைசியில் மேடம் டின்னைக் கவிழ்த்துத் தட்டினார். பொலபொலவென்று குட்டிச் சீட்டுகள் விழுந்தன. அவற்றுக்குள் கொண்டைக்கடலை அளவில் ஐந்து. நான்காக மடித்த பஸ் டிக்கெட்டுகள் ஆறு.

மேடம் பஸ் டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"'பஸ் நிக்கும்போது நாம ஏன் முன்னால சாயுறோம்?' இதையா இத்தனை வாரமா அடியில போட்டு வச்சிருந்தேன்?" அவர் குரலில் இப்போதும் கோபம்தான் இருந்தது. "நான் ஏமாத்தல. டின்னுதான் ஏமாத்தியிருக்கு. ஆனா அதுக்குக் குலுக்கிக் குலுக்கி ஒத்தாசை செஞ்சது நானு!"

பாஜிலா மிக்சர் டின் கதையைச் சொன்னாள். சந்து எப்படி உண்டாகிறது, சின்னது எப்படி நழுவுகிறது என்று கையை வைத்துக் காட்டினாள். பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கூடப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வந்தார். "அதான் எங்க வீட்டு மிக்சர்ல எனக்கு எப்பவும் தூளு மட்டும் மிஞ்சுதா?" என்று கேட்டார்.

"அப்ப நானும் அவ மாதிரி குட்டியா மடிக்கணுமா?" என்றான் முஜிப்.

"எல்லாரும் ஒரே மாதிரி மடிச்சாப் போதும்லே. அட்டையா இருந்தா என்ன, டிக்கெட்டா இருந்தா என்ன?" என்றாள் பாஜிலா. பிறகு தன் பையிலிருந்த பந்தை எடுத்து மேசையில் வைத்தாள். "நானும் இன்னைக்கு இதத்தான் போட இருந்தேன்."

முஜிப் அதைப் பார்த்து வாயைப் பிளந்தான். "அடிப்பாவி! என்னுதவிடப் பெருசு!"

மேடம் மேசை இழுப்பறையிலிருந்து அச்சுப்பிழையான பழைய படிவங்களை எடுத்துக் கொடுத்தார். முஜிப் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டான். அச்சகத்துப் பிள்ளை என்பதால் கோடு ஒரு நூல்கூடத் தப்பவில்லை. பாஜிலா வெட்டினாள். ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரு கேள்வி, பெயர். நடுவில் ஒரே ஒரு மடிப்பு. மொத்தம் இருபத்திரண்டு.

"மேடம், அளவு ஒண்ணா இருந்தாலும் கடைசியாப் போட்டது மேலயே இருக்கும்" என்றாள் பாஜிலா. மேடம் தலையாட்டிவிட்டுச் சீட்டுகளை மேசையில் கொட்டி, இரண்டு கையாலும் மாவு பிசைவதுபோலக் கலந்தார். கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தார்.

"முஜிபுர் ரஹ்மான்."

கூரை அதிர்கிற மாதிரி எல்லோரும் சிரித்தார்கள். பாஜிலாவுக்கு மூக்கு நுனி வரை கோபம் வந்தது.

"குலுக்குனேனா?" என்று கேட்டார் மேடம்.

"இல்ல மேடம்."

"சீட்டு பெருசா இருந்துச்சா?"

"இல்ல மேடம்." கோபத்துக்குப் போக இடமில்லாமல், அதுவும் சிரிப்பாகவே வந்துவிட்டது.

"அஞ்சு வாரம் தப்பாப் போச்சு. அதனால இன்னைக்கு நூலகம் மூடுற வரைக்கும் எடுப்போம்" என்றார் மேடம். இரண்டாவதாக வேறொரு பையன். மூன்றாவதாக அனிதா மேரி. சாவித் துவாரம் எட்டாமல் அவள் ஸ்டூல் மேல் ஏறித்தான் பீரோவைத் திறந்தாள். ஐந்தாவதாகக் காற்றாலைக் கேள்வி வந்தது. இறக்கைகளைக் குறுக்கே வெட்டிக் காட்டிய பக்கத்தைப் பாஜிலா வேறு யாரையும் புரட்டவிடவில்லை.

கிளம்புவதற்கு முன்பு மேடம் ஒரு வெள்ளைத் தாளைப் பாஜிலாவிடம் நீட்டினார். "பள்ளிக்கூடம் தொறந்தாலும் ஞாயித்துக்கெழமை நடத்தலாம்னு இருக்கேன். இனிமே எப்படி எடுக்கணும்னு நீயே எழுதி ஒட்டு."

பாஜிலா எழுதி டின்னின் மூடியில் ஒட்டினாள்:

'எல்லாச் சீட்டும் ஒரே அளவு, ஒரே ஒரு மடிப்பு. குலுக்கக் கூடாது. மேசையில் கொட்டி, கையால் நன்றாகக் கலந்து, கண்ணை மூடி எடுக்கவும்.'