சஹனுக்கு நாலு பேர்

நான்கு பேர் ஓட்டுப் போட்ட சொம்பைக் கவிழ்த்தபோது, பாயில் ஐந்து புளியங்கொட்டைகள் விழுந்தன.

"யாரு ரெண்டு போட்டது?" என்றான் அப்ரார்.

யாரும் போடவில்லை. ஆளுக்கு இரண்டு கொட்டை: உரசி வெளுத்தது ஒன்று, கறுப்பு ஒன்று. புது விதிக்குச் சம்மதமென்றால் வெள்ளை, இல்லையென்றால் கறுப்பு. மீந்த கொட்டை அவரவர் கையில் ஒழுங்காக இருந்தது. விழுந்தவற்றில் ஒரு வெள்ளை மட்டும் ஈரமாக, கையலம்பிய விரல்கள் தொட்டதுபோல் சில்லிட்டிருந்ததை ஷஃபீனா கவனித்தாள்.

மறுநாள் நிக்காஹ். மழையில் கரண்ட் போயிருந்தது. மாடி அறையில் மணப்பெண்ணின் தம்பி அப்ரார், தங்கை நஜீபா, சாச்சா மகன் நூகு, தூரத்துச் சொந்தமான ஷஃபீனா. கொல்லையில் தம் போட்டிருந்த பிரியாணியின் கரிப்புகையும் நனைந்த பந்தல் துணியின் புழுங்கல் வாசமும் படியேறி வந்து, மெழுகுவத்தி வெளிச்சத்துக்கு அப்பால் இருட்டோடு இருட்டாகத் தேங்கின. பூவம் ஊரிலிருந்து ஒத்தாசைக்கு வந்த ஷஃபீனாவின் உம்மா காலையிலிருந்து அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஷஃபீனாவை மட்டும் இவர்கள் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அது போய்விடக் கூடாது என்பதற்காகவே மத்தியானத்திலிருந்து எல்லாவற்றுக்கும் வெள்ளை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் மத்தியானச் சாப்பாட்டில் தொடங்கியது. சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர். நாலாவது ஆள் உட்காராமல் யாரும் சோற்றில் கை வைப்பதில்லை. அன்று ஆள் கூடுதல். யார் எழுந்துபோவது என்று ஓட்டுப் போட்டார்கள். எழுந்துபோனவரை இல்லாதவராகவே நினைக்க வேண்டும். அதுதான் முதல் விதி.

"மத்தியானம் யாரு எந்திரிச்சுப் போனது?" என்று கேட்டாள் ஷஃபீனா.

"யாரும் போவல. நம்ம நாலு பேருதானே?" என்றான் அப்ரார்.

"அப்ப எதுக்கு ஓட்டுப் போட்டோம்?"

அப்ரார் கொட்டைகளைத் திரும்ப எண்ணினான்.

நஜீபாவின் இடது கையில் மருதாணி பாதிப் பூவில் நின்றிருந்தது. "அத யாரு போட்டு விட்டா?" என்றாள் ஷஃபீனா.

"அவதான்..." நஜீபாவின் வாய் திறந்தபடி இருந்தது. "நானே போட்டுருப்பேன்."

"நீ இடது கையாலதானே லாத்தா எல்லாம் செய்வே?" என்று நூகு சிரித்தான். அவனுக்கும் நஜீபாவுக்கும் நடுவே பாயில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம். யாரும் அதில் காலை நீட்டவில்லை.

அப்ரார் மறுபடி போடச் சொன்னான். போட்டார்கள்.

ஆறு.

"போதும் நானா. எல்லா விதியையும் எடுத்துருவோம்" என்றாள் ஷஃபீனா.

"பாருடா! பூவத்துலேருந்து வந்து எங்க வூட்ல எங்களுக்கே சட்டம் போடுது" என்றான் அப்ரார்.

"இவள அனுப்பிரலாம்" என்றாள் நஜீபா. "அடுப்படியில வேற ஆளு பத்தலயாம்."

"சரி, ஓட்டு."

ஷஃபீனா கறுப்பைப் போட்டாள். நூகு அவளைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டு, தன் கறுப்பையும் போட்டான். மற்ற இருவரும் வெள்ளை. இரண்டுக்கு இரண்டு. அப்பாடா என்றிருந்தது.

அப்ரார் சொம்பைக் கவிழ்த்தான்.

ஏழு. இரண்டு கறுப்பு. ஐந்து வெள்ளை.

மூன்று ஈரம்.

கரண்ட் வந்தது. மூவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள். "பசிக்குது" என்றான் நூகு. அவன் கண் அவள் முகத்தைத் தாண்டி சுவரில் நின்றது. அவர்கள் இறங்கினார்கள். அவள் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள்.

கீழே உம்மா சஹனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "மூணு பேருதானா? நாலாவது யாரு?"

"நீங்களே உக்காருங்க மாமி."

"உம்மா, நான் இங்க நிக்கிறேன்!"

உம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தாள். "எனக்குன்னு புள்ளயா குட்டியா? வாங்க, உங்களோடவே உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்தாள். நாலு கைகள் சோற்றில் இறங்கின.

ஷஃபீனா உம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். உம்மா மின்விசிறியை மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தோளில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பின்னால் மருதாணி வாசம்.

மாடிப்படிக்குக் கீழே, பாத்திரம் அடுக்கும் இருட்டில், ஒரு காலி சஹன். அதைச் சுற்றி மூன்று பேர். கையலம்பி, சொட்டச் சொட்ட. ஒருத்தியின் மடியில் மருதாணிக் கோன். யாரும் தட்டில் கை வைக்கவில்லை.

கோன் வைத்திருந்தவள் மெல்ல நகர்ந்து ஷஃபீனாவுக்கு இடம் விட்டாள்.