உள்ளங்கையில் முதல் சொட்டு

"ஐயோ... எரியுதே!"

அலறல் கேட்டு எஸ்டேட் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கதவுகள் திறந்தன.

வாஷ்பேசின் அருகே முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள் அன்னாள். ஏலப்பாறை எஸ்டேட் பள்ளிக்கூட டீச்சர். கான்டாக்ட் லென்ஸை அவள் கழுவுகிற மருந்துப் புட்டி கவிழ்ந்து கிடந்தது.

சிந்திய இடத்தில் சிமென்ட் தரை நுரைத்தது!

கணவன் யாக்கோபு ஓடி வந்தான். எஸ்டேட் ஏலக்காய் ஸ்டோரில் கிளார்க்.

"என்ன புள்ள? என்னாச்சு?"

"கண்ணு... என் கண்ணு போச்சே!"

ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் பறந்து வந்தார் எஸ்.ஐ. துரைசுவாமி. அவர் முகம் வெளிறியிருந்தது.

வெளிறாதா பின்னே? அன்றைக்குத்தான் அடையாள அணிவகுப்பு!

ஸ்டோரில் திருட வந்தவன் வாட்ச்மேன் மொக்கையனை வெட்டிச் சாய்த்தான். அதைப் பார்த்த ஒரே சாட்சி அன்னாள். பிடிபட்டிருக்கும் குமுளி சூசையப்பனை அவள் கைகாட்டாவிட்டால்... கேஸ் புஸ்!

அன்னாளைச் சோதித்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தார். கதவு சாத்தப்பட்டது. வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"பார்வை எப்பிடி சார்?" யாக்கோபு பதறினான்.

"இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்லை. புட்டியில ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட்... ஆமா, அவங்க பழைய கண்ணாடி வீட்ல இருக்கா?"

"நேத்துதான் சார் குமுளிக்கு ரிப்பேருக்குக் குடுத்தேன்."

"என்ன ரிப்பேர்?"

"அது... காதுக் கம்பி லூசு சார்."

"ஓஹோ. சரி, கிளம்புங்க."

"கண்ணு தெரியாதவள எதுக்கு சார் கூட்டிட்டு..."

"குரலையாவது கேட்டுப் பார்க்கட்டுமேய்யா! நீயே கையைப் பிடிச்சு நடத்திட்டு வா."

பீருமேடு சப் ஜெயில். எஸ்.ஐ. வெளியே நின்றுகொண்டார். உள்ளே மாஜிஸ்திரேட். சுவரோரம் வரிசையாக ஆட்கள்.

அன்னாள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். தட்டுத் தடுமாறி நடந்தாள். யாக்கோபு அவள் இடது கையைப் பிடித்திருந்தான்.

"ஒவ்வொருத்தரா பேரைச் சொல்லுங்க" என்றார் மாஜிஸ்திரேட்.

சொன்னார்கள்.

சூசையப்பன் முன்னால் வந்ததும் யாக்கோபு ஒரு காரியம் செய்தான். தன் கண்ணைத் தொட்டுக் காட்டினான். கையை விரித்தான்.

போச்சு... கவலைப்படாதே!

சூசையப்பன் மீசைக்குள் சிரித்தான்.

அன்னாள் சட்டென்று நின்றாள். கணவனிடம் இருந்த ஸ்டோர் சாவி எப்படித் திருடனுக்குக் கிடைத்தது... இத்தனை நாள் கேட்கப் பயந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கையை உதறினாள்.

"இவன்தான்யா!"

விரல் நேராக சூசையப்பனின் நெஞ்சைக் காட்டியது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். விழிகள் பளிச்சென்றிருந்தன. அவற்றின் மேல்... லென்ஸ்!

"நீ... நீ எப்பிடி..." யாக்கோபுக்கு நாக்கு குழறியது.

வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள் அன்னாள். நடுவில் கன்றிச் சிவந்த கொப்புளம்.

"புட்டியத் தொறந்தா முதல் சொட்டு உள்ளங்கையிலதான் ஊத்திப் பாப்பேன். லென்சு குடுத்த மதுர டாக்டர் சொன்ன பழக்கம். வெந்தது கைதான். ராத்திரியே கழுவி டப்பாவுல வச்ச லென்சுக்கு ஒண்ணும் ஆகல. டப்பாவோட கொண்டாந்து டாக்டரம்மா ரூம்ல மாட்டிக்கிட்டேன். கண்ணு போச்சுன்னு சொன்னா, சந்தோசப்படுறது யாருன்னு தெரியணும்ல?"

"புள்ள... அவன் மாட்டுனா நானும் மாட்டுவேன்னுதான்..."

"அதுக்காக என் கண்ணையா?"

அவள் பார்வையைத் திருப்பவில்லை.

மாஜிஸ்திரேட் கூப்பிட, துரைசுவாமி விலங்கோடு உள்ளே வந்தார். யாக்கோபு பின்வாங்கினான்.

"சார்! நான் கூட வந்த ஆளு சார்! வரிசையிலயே நிக்கலையே!"

விலங்கை மாட்டிக்கொண்டே எஸ்.ஐ. சொன்னார்.

"பரவாயில்லைய்யா... ஜெயிலுக்குள்ள போக க்யூ கிடையாது. நேராப் போகலாம்!"